மூஞ்சிக்கு மூணு வருஷம்!

மூன்று விஷயங்களுக்கு மட்டும் யாருக்கும் துணையாகப் போகக் கூடாது. ஒன்று, பெண் பார்க்க. இரண்டு, பல் பிடுங்க. மூன்று, கார் வாங்க. முதல் இரண்டும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்றாவது அப்படியில்லை. மாதத் தவணை மாதிரி, ஏழு வருஷத்துக்கு, ‘நீங்க சொல்லித்தானே மாமா வாங்கினேன்’ என்று வந்துகொண்டே இருக்கும்.

தெரிந்தும் போனேன். கூப்பிட்டது மச்சினன். சிபாரிசு செய்தது அவனுடைய அக்கா. அதாவது, எங்கள் வீட்டு ஹைகமாண்ட்!

மச்சினனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. வீடு கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே. ஒரு வருஷமாக அவன் பேச்சிலும் மூச்சிலும் க்ரெட்டாதான். அதிலும் சாதா க்ரெட்டா இல்லை. டர்போ பெட்ரோல் என்ஜின், தானாக மாறும் கியர், தலைக்கு மேலே கூரை முழுக்கக் கண்ணாடி!

‘‘எவ்வளவுடா ஆகும்?’’

‘‘வண்டி இருபது பக்கம் மாமா. ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தா இருபத்து நாலு.’’

‘‘பேங்க் எவ்வளவு தரும்?’’

‘‘பன்னண்டு. கையில நாலு இருக்குது.’’

‘‘மீதி எட்டு?’’

பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு இருந்தது.

அது மாமனாரின் தோப்பு. ஓசூரில் ஒரு லாரித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் என்ஜின் மாட்டி, ரிடையராகி வந்த பணத்தில் வாங்கின ஒரு ஏக்கர். நாற்பது மரம், அத்தனையும் பெங்களூரா. அதில் ரோட்டோரப் பாதியை விற்றால் டர்போ வீட்டுக்கு வந்துவிடும். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை படுத்த படுக்கையானதிலிருந்து மச்சினனுக்குத் தோப்பின் மேல் மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போயிருந்தது.

‘‘வித்துடலாம் மாப்ள. என்னிக்கிருந்தாலும் அவனுக்குத்தானே’’ என்றார் மாமனார். சொல்லும்போது குரல் லேசாக இறங்கியது. மேட்டில் லோடு இழுக்கிற லாரி மாதிரி.

‘‘வாங்கறது அப்புறம். முதல்ல ஓட்டிப் பார்ப்போம்’’ என்றேன், ஏதோ பெரிய மனுஷன் மாதிரி. சனிக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினோம்.

*

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஆறு வழிச் சாலை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ஒரு குட்டித் தூக்கம். ஆனால் வயசான காரில் போகிறவர்களுக்கு இது ஒரு பரீட்சை!

காரணம், கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஓசூர் சுமார் 880. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கொண்டை ஊசி வளைவு காட்டிப் பயமுறுத்தாமல், சிரித்துக்கொண்டே ஏற்றிவிடுகிற சாலை. ஓசூரில் இறங்கினதும் ‘ஆஹா, ஜில்லுனு இருக்கே’ என்கிறோமே... அந்த ஜில்லுக்கு வண்டி கொடுத்த விலைதான் அது.

நாங்கள் போனது மாமனாரின் பதினைந்து வயசுச் சின்னக் காரில். டோல்கேட் தாண்டி, குருபரப்பள்ளி தாண்டி, மேலுமலை ஏற்றம் வந்ததும் மாமனார் ஒரு வார்த்தை சொல்லாமல் கையை நீட்டி ஏ.சி.யை அணைத்தார். கண்ணாடிகள் இறங்கின. ஐந்தாவது கியர் நாலாகி, நாலு மூன்றானது. பக்கத்தில் கார்களை அடுக்கிக்கொண்டு போன ஒரு நீள டிரெய்லர் லாரிகூட எங்களோடு சரிசமமாக வந்தது. அதில் இரண்டு மாடியிலும் வெள்ளை வெள்ளையாய் க்ரெட்டாக்கள்!

மச்சினன் ஏக்கத்தோடு பார்த்தான். மாமனாரும் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது வேறே.

‘‘காரு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில செய்யறாங்க. ஆனா அத்தனையும் இழுத்துக்கிட்டு மேடு ஏறுது பாரு, அந்த லாரி... அது நம்ம ஊரு சரக்கு!’’

பெருமை நியாயமானதுதான். கன்னடத்தில் ‘ஹொச ஊரு’ என்றால் புது ஊர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும், மலை மேல் சந்திரசூடேஸ்வரர் கோயிலும் கொண்ட இந்தப் பழைய ‘புது ஊர்’ 1970களில் சிப்காட் வந்த பிறகு நிஜமாகவே புதுசாயிற்று. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே லாரி செய்ய ஆரம்பித்தது. அதே வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் உருண்டு வந்தது. பால்காரரையும் வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டையே சுற்றியது. டைட்டன் வாட்ச்சும் ஓசூர்ச் சரக்கே. 2021-ல் ஏத்தர் பேட்டரி ஸ்கூட்டர் இங்கே வந்தது. அதே வருஷம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. ரெண்டு சக்கரம் ஓடுகிறது, பத்துச் சக்கரம் ஓடுகிறது. நடுவில் குடும்பத்தோடு போகிற நாலு சக்கரம் மட்டும் சென்னைப் பக்கத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது!

சூளகிரி வந்தது. கொத்தமல்லித் தழை மூட்டைகளின் வாசனை காருக்குள் வந்து உட்கார்ந்தது. அதைத் தாண்டி பேரண்டப்பள்ளிப் பக்கம் வந்ததும் ரெண்டு புறமும் சானமாவுக் காடு. யானைகள் கூட்டமாக ரோட்டைக் கடக்கிற இடம்.

‘‘எஸ்.யூ.வி., எஸ்.யூ.வி.ங்கறியே... நிஜமான எஸ்.யூ.வி. இங்கதான்டா இருக்குது’’ என்றார் மாமனார். ‘‘அஞ்சு டன்னு. நாலு காலும் இழுக்கும். சர்வீசு கிடையாது!’’

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏனென்றால் அது அவனுக்கு வலிக்கிற இடம். மலை மேல் ஏறி நிற்கிற மாதிரி விளம்பரம் வந்தாலும், நம் ஊர் க்ரெட்டாவில் இழுப்பது முன் சக்கரம் ரெண்டு மட்டும்தான்.

*

ஷோரூமில் ஏ.சி. குளிர் ஓசூரைத் தோற்கடித்தது. எங்களுக்கு வாய்த்த தம்பி கெட்டிக்காரர். எங்களிடம் தமிழ், பக்கத்து மேஜையில் கன்னடம், போனில் தெலுங்கு, கார் துடைக்கிற பையனிடம் இந்தி. இந்த எல்லைப்புறத்தில் பிழைக்கிறவனுக்கு நாக்கிலும் நாலு கியர் வேண்டும் போலிருக்கிறது!

‘‘புது டிசைன் பாருங்க சார்... முன்னாடி இந்த ஓரத்திலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே லைட்டு. பின்னாடியும் அதே மாதிரி. உள்ளே பத்தேகால் இஞ்சுல ரெண்டு ஸ்க்ரீன்...’’

அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. பாங்கு லாக்கர் மாதிரி நிமிர்ந்து நின்ற முகம்.

ஆனால் இந்த முகத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். க்ரெட்டா முதலில் வந்தது 2015 ஜூலை. அப்போது நேர்க்கோட்டுக் கம்பிகளோடு சாதுவான முகம். 2018-ல் முன் கிரில்லை அகலமாக்கி, கூரையில் ஒரு சின்ன ஜன்னலும் வைத்தார்கள். 2020 மார்ச்சில் முழு வண்டியும் புதுசு. விளக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்ததில், ‘இது என்ன, சிலந்தி மாதிரி முழிக்குது’ என்று பாதி ஊர் முகம் சுளித்தது. மீதி ஊர் கியூவில் நின்று வாங்கியது. 2024 ஜனவரியில் மறுபடி முகம் மாற்றம். அதுதான் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விளக்கு. ஒன்பது வருஷத்தில் நாலு முகம்!

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமனார் காதில் வாங்கினாரா தெரியவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

‘‘மூஞ்சிக்கு மூணு வருஷம் மாப்ள. என்ஜினுக்குப் பதினஞ்சு வருஷம். எதோட குடித்தனம் பண்ணப் போறோம்னு பார்த்து வாங்கணும்.’’

ஷோரூம் தம்பி இதை நாலு மொழியிலும் மனசுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்த மாதிரி நின்றார்.

*

என்ஜின் விஷயத்துக்கு வருவோம். பயப்பட வேண்டாம், ஃபார்முலா எல்லாம் கிடையாது.

க்ரெட்டாவில் மூன்று என்ஜின். மூன்றுமே 1.5 லிட்டர்தான். ஒரே அப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் மாதிரி, அளவு ஒன்று, குணம் வேறு.

மூத்தவன் சாதா பெட்ரோல். 115 குதிரைசக்தி. இழுவை 144 நியூட்டன் மீட்டர். நடுவுள்ளவன் டீசல். குதிரை கிட்டத்தட்ட அதேதான், 116. ஆனால் இழுவை 250. கடைக்குட்டி டர்போ பெட்ரோல். குதிரை 160, இழுவை 253.

‘அதென்ன குதிரை, இழுவை?’ என்பவர்களுக்கு மாமனாரின் விளக்கம்: ‘‘குதிரைங்கறது ஓட்டப் பந்தயம். இழுவைங்கறது மூட்டை தூக்கறது. நாலு பேரு, நாலு பெட்டி, எதிர்ல மேடு... அப்ப தேவை ஓட்டக்காரன் இல்லே, மூட்டை தூக்கறவன்.’’

சாதா பெட்ரோல் தன் முழு இழுவையைக் காட்ட, என்ஜின் நிமிஷத்துக்கு 4500 சுற்று சுற்றவேண்டும். அதாவது சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும். டீசலும் டர்போவும் 1500 சுற்றிலேயே முழு இழுவைக்கு வந்துவிடும். ஆபீஸில் இந்த ரெண்டு ரகத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்!

‘‘டர்போன்னா என்ன மாமா, தனி என்ஜினா?’’ என்று தெரியாத்தனமாகக் கேட்டேன்.

‘‘ஊதுகுழல் பார்த்திருக்கீங்கல்ல? அடுப்பு மந்தமா எரியறப்போ உங்க அத்தை ஊதுவாளே... அதான். வெளியே போற புகையோட வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுத்த வச்சு, காத்தை அமுக்கி உள்ளே திணிக்கறது. காத்து ஜாஸ்தி, அதனால நெருப்பு ஜாஸ்தி. நம்ம லாரியில எல்லாம் எப்பவோ வந்தாச்சு.’’

இந்த ஊதுகுழலுக்கு ஓசூரில் தனி மவுசு உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிசாகும். சாதா என்ஜின் 100 மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் பலத்தை இழக்கும். ஆக, 880 மீட்டரில் 115 குதிரைகளில் சுமார் பத்து லீவு போட்டுவிடும். டர்போ காற்றை அமுக்கித் திணிப்பதால் அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டிவிடும்.

பழைய க்ரெட்டாவில் இருந்த 1.4, 1.6 லிட்டர் என்ஜின்கள் எங்கே போயின என்று கேட்கலாம். 2020 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க பி.எஸ்.6 புகை விதி வந்தது. அதையொட்டி வந்த புது வண்டியில் அவற்றுக்கு இடமில்லை. அப்போது வந்த 1.4 டர்போவும் பிறகு போய், 2024-ல் இந்த 1.5 டர்போ வந்தது. முகம் மாறுவது நம் ஆசைக்காக. என்ஜின் மாறுவது பெரும்பாலும் சட்டத்துக்காக!

‘‘கரண்ட் க்ரெட்டாவும் இருக்குது சார். 2025 ஜனவரியில வந்தது. வந்தப்போ பெரிய பேட்டரிக்கு ஒரு சார்ஜுக்கு கம்பெனி கணக்குல 473 கிலோமீட்டர்னாங்க’’ என்றார் தம்பி.

மாமனார் அதன் பக்கத்தில் போய் நின்றார். ‘ஸ்டார்ட்’ பண்ணச் சொன்னார். ‘‘பண்ணியாச்சு சார்’’ என்றார் தம்பி. மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

‘‘நல்ல வண்டிதான். ஆனா சத்தமே இல்லையேப்பா... நான் எதைக் கேட்டு என்னத்தைச் சொல்றது?’’

*

ஓட்டிப் பார்த்தோம். கிருஷ்ணகிரி ரோட்டில் சானமாவு வரை போய்த் திரும்பினோம். வண்டியில் ஏ.சி. ஓட, நாலு பேர்.

முதலில் டர்போ. மச்சினன் மிதித்தான். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. மேடு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. கண்ணாடிக் கூரை வழியே ஓசூர் மேகங்கள் ஓடின. மச்சினன் முகத்தில் இருந்த சிரிப்பை அவன் நிச்சயதார்த்த ஆல்பத்தில்தான் இனி பார்க்க முடியும்.

அடுத்து டீசல். அமைதியான பயில்வான். மேட்டில் கியரே மாற்றவில்லை.

கடைசியாக சாதா பெட்ரோல், கையால் கியர் மாற்றுகிற வண்டி. சமதளத்தில் வெண்ணெய். மேட்டில் லாரியைத் தாண்டும்போது மட்டும் ‘கொஞ்சம் இருங்க’ என்று ஐந்திலிருந்து மூன்றுக்கு வரச் சொன்னது. வந்ததும் உறுமிக்கொண்டு ஏறிவிட்டது.

மூன்றிலும் மாமனார் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பெட்ரோல் வண்டியில் மச்சினன் கியர் மாற்றச் சற்றே தாமதித்தபோது, மூடின கண்ணோடு ‘‘மூணு’’ என்றார். அவன் மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அப்பாவை அவன் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும்.

திரும்பி வரும்போது சிப்காட் ஜங்ஷனில் மாட்டிக்கொண்டோம். ஷிஃப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள், மொபெட்டுகள், பெங்களூருக்குப் போகிற கார்கள், எல்லை தாண்ட நிற்கிற லாரிகள். கால் மணி நேரம் நகரவில்லை. அங்கே 160 குதிரையும் 115 குதிரையும் ஒரே லாயத்தில் கட்டின குதிரைதான்!

*

டீக்கடையில் உட்கார்ந்தோம். மாமனார் பாக்கெட்டிலிருந்து ஒரு பேனாவையும் பழைய பஸ் டிக்கெட்டையும் எடுத்தார்.

‘‘டீசலுக்கும் சாதா பெட்ரோலுக்கும் என்ன வித்தியாசம்?’’

2024-ல் அறிமுகமான விலைப்படி, அடிப்படை மாடலில் பெட்ரோல் 10,99,900 ரூபாய். டீசல் 12,44,900. வித்தியாசம் 1,45,000. (2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியதில் விலை இறங்கியது. ஆனாலும் 4 மீட்டருக்கு மேல் நீளமான வண்டி என்பதால் 40 சதவீத வரி.) கம்பெனி சொல்கிற மைலேஜ் லிட்டருக்குப் பெட்ரோல் 17.4, டீசல் 21.8. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 5 ரூபாய் 75 காசு. டீசலில் 4 ரூபாய் 22 காசு. மிச்சம் ஒன்றரை ரூபாய்.

‘‘ஒண்ணே முக்கா... ஒண்ணரை... சரி, 1,45,000-த்தை எடுக்கணும்னா 95,000 கிலோமீட்டர் ஓடணும்’’ என்று வட்டம் போட்டார். ‘‘மாசம் எவ்வளவுடா ஓட்டுவே?’’

‘‘தினம் கம்பெனிக்குப் போய் வந்தா நூறு கிலோமீட்டர். மாசம் 2500. மூணு வருஷத்துல எடுத்துடலாம்ப்பா!’’ மச்சினன் துள்ளினான்.

‘‘கம்பெனி பஸ்ஸுல எவ்வளவு பிடிக்கிறான்?’’

‘‘...ஃப்ரீ.’’

‘‘ஃப்ரீயை விட்டுட்டு தினம் 500 ரூபா செலவு பண்ணிப் போவியா?’’

டீ கிளாஸைப் பார்த்தபடி, ‘‘மாட்டேன்’’ என்றான்.

ஆக மீதி கோயில், கல்யாணம், பெங்களூர், மாசம் 800 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 95,000 தொட பத்து வருஷம். தவணையே ஏழு வருஷத்தில் முடிந்துவிடும்! அதோடு டீசல் நெடுந்தூரம் ஓடவேண்டும். ஓடாமல் ஊருக்குள்ளேயே சுற்றினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தினம் 80, 100 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவனுக்கு டீசல் தெய்வம். மற்றவனுக்கு உண்டியல்.

டர்போ? அதற்குக் கணக்கே இல்லை. அது ஆசை. 2024 அறிமுகத்தில் அடிப்படைப் பெட்ரோல் 11 லட்சம் என்றால், டர்போ வந்ததே உச்ச மாடலில் மட்டும், 20 லட்சத்துக்கு. அதே பெயர்ப் பலகை, அதே நீள அகலம், அதே ஆறு ஏர்பேக். வித்தியாசம் 9 லட்சம்.

மச்சினன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, ‘‘நீங்க என்ன மாமா சொல்றீங்க?’’ என்றான்.

வந்துவிட்டது, ஏழு வருஷத்து வினை! நான் எச்சில் விழுங்கினேன்.

‘‘மாப்ளே... மேட்டுல கியர் மாத்தினா ஏறிடும். வித்த மரத்தைத் திரும்ப நட்டா காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு உங்கப்பாவைக் கேளு.’’

கேட்கவில்லை. பஸ் டிக்கெட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ‘‘சாதா பெட்ரோல், நடு மாடல் போதும்ப்பா. பதினாறுக்குள்ள வந்துடும். தோப்பு இருக்கட்டும்.’’

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீக்குக் காசு கொடுத்தது அவர்தான். அவர் கொடுத்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை!

இறங்குமுகமாகத் திரும்பியதில் பழைய கார் இளமை திரும்பியது போல ஓடியது. மேலுமலை இறக்கத்தில் ஏ.சி.கூடப் போட்டார். மச்சினன் பின்னால் தூங்கிவிட்டான். மாமனார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

‘‘எனக்கும் அந்த டர்போதான் புடிச்சிருந்துது மாப்ள. என்னா சத்தம்! தையல் மிஷின் மாதிரி... அவன்கிட்ட சொல்லிடாதீங்க.’’

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் சொம்புத் தண்ணீரோடு வந்தார். மூன்று பேரும் மாறி மாறி விவரித்தோம். குதிரை, இழுவை, ஊதுகுழல், 95,000 கிலோமீட்டர், விளக்கு, ஸ்க்ரீன்... எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘‘அதெல்லாம் சரி. பின்னாடி டிக்கியில நாலு கூடை மாங்கா வைக்க எடம் இருக்குதா?’’

மூன்று ஆண்பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிக்கியை யாருமே திறந்து பார்க்கவில்லை!

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஓசூர் போகிறோம். இந்தத் தடவை நாலு பேர். கையில் காலிக் கூடை நாலு.